முதுகு வசனம்

மார்ச் 4, செவ்வாய்

புதுப் படம் வந்திருக்கிறது. ஓர் ஊர் பூமிக்குள் போகிறது. அவ்வளவுதான் கதை. ஊருக்குக் கீழே கைவிடப்பட்ட உப்புச் சுரங்கம். அதில் தண்ணீர் புகுந்துவிட, மேலே இருக்கிற வீடு, கடை, பாலம், பெரிய ஹோட்டல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறங்குகின்றன. இப்படி நடக்கும் என்று ஒரு விஞ்ஞானி முதல் காட்சியிலேயே கத்துகிறான். யாரும் நம்பவில்லை. அவன் பேசுகிற லட்சணத்துக்கு நானும் நம்பியிருக்க மாட்டேன். "நமக்கு நேரமே இல்லை" என்று ஆரம்பித்து, நின்று நிதானமாகச் சுரங்கத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி முடிக்கிறான்.

இந்தப் புண்ணியவானுக்குத்தான் நான் தமிழ் வசனம் எழுத வேண்டும். வேற்றுமொழிப் படங்களில் அசைகிற வாய்களுக்குப் பொருத்தமாகத் தமிழ் எழுதிக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. எத்தனையோ குப்பையைப் பார்த்தாயிற்று. இது குப்பையிலும் உயர்ந்த ரகம்.

ஆனால் என் வீட்டுக்காரர் இவருக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் டியூபோடு, என் கம்ப்யூட்டர் திரையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் லிஃப்ட் கயிறு அறுந்து கீழே பாய்கிற இடம் வந்ததும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காகவே இருந்த மனுஷன்.

"கயிறு அறுந்தா… லிஃப்ட் விழாதுடி. பிரேக் கவ்விக்கும்."

"அப்போ தப்புன்னு தெரிஞ்சேதான் பாக்கறீங்களா?"

"சுத்தத் தப்பு. ஆனா விழறப்ப… எவ்வளவு நல்லா இருக்கு! இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். ஜனவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் எதையும் "இன்னொரு வாட்டி" என்று கேட்டதில்லை. சோற்றைக்கூட.

மார்ச் 5, புதன்

ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சல் இப்போது காதில் விழுவதே இல்லை. கரண்ட் போய் அது நின்றால்தான் தூக்கிவாரிப் போடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

பாதிப் படம் எழுதியாயிற்று. இந்தத் தொழிலில் சட்டம் ரொம்பச் சுலபம். வாய் அசைந்தால் வசனம் இருக்க வேண்டும். வாய் மூடினால் வசனம் முடிந்திருக்க வேண்டும். நடுவில் வெறும் வாய் அசைந்துகொண்டிருந்தால் டப்பிங் டைரக்டர் தம்பி போன் போட்டு, "அக்கா, அந்தாளு என்ன வெறும் வாய மெல்லுறாரு?" என்று கேட்பான்.

நமக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைப்பது ஆள் முதுகைத் திருப்பிக்கொள்ளும்போதுதான். வாய் தெரியாதல்லவா! என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வட்டத்தில் அதற்கு "முதுகு வசனம்" என்றே பெயர். கதையில் எங்கே ஓட்டையோ அங்கே ஒரு முதுகு கிடைத்தால் போதும், அடைத்துவிடுவேன். இந்தப் படத்தில் விஞ்ஞானியை விட்டு மனைவி ஏன் பிரிந்தாள் என்று எவனும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிற இடத்தில், "உங்க அம்மா சாகக் கெடந்தப்பகூட நீங்க சுரங்கத்துலதானே இருந்தீங்க?" என்று வைத்தேன். ஒரே வரி. இப்போது அவளுக்கு ஒரு நியாயம் வந்துவிட்டது.

இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாவம். அவ சொல்லாததை எல்லாம்… சொல்ல வெச்சுட்ட."

"சொல்லியிருந்தா கதை நல்லா இருந்திருக்கும்."

"கதைய எவன் கேட்டான்? பாலத்தைக் காட்டு."

சாயங்காலம் தம்பி போன் செய்தார். இவருடைய கூடப்பிறந்த தம்பி. கடல் கடந்து இருக்கிறார், ஞாயிறு தவறாமல் பேசுவார். இவருக்கு மூச்சு வாங்குகிறது, ரெண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. அதனால் நான்தான் போனை வாங்கிக்கொள்வேன். "அண்ணன் நல்லா இருக்கார் தம்பி. உங்களைத்தான் நினைச்சிட்டே இருக்கார். வேலையை விட்டுட்டு அலைய வேண்டாம்னு சொல்றார்." இவர் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் மூச்சு இருந்தால் அதைத்தானே சொல்லியிருப்பார்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

மார்ச் 13, வியாழன்

டாக்டரிடம் போய் வந்தோம். நுரையீரல் இன்னும் இறுகியிருக்கிறதாம். சின்னப் பெண்தான் இந்த டாக்டர், ஆனால் பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது. நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஜனவரி மாதிரி மறுபடி மூச்சு ரொம்ப மோசமாகலாம் சார். வரும்னே வெச்சுக்கலாம். அப்போ வென்டிலேட்டர்ல வைக்கறதா வேண்டாமான்னு இப்பவே பேசிடறது நல்லது. வெச்சா, திரும்ப எடுக்க முடியாமயே போகலாம். உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு… வந்து…" என்று ஆரம்பித்தார். மூச்சுக்கு நின்றார்.

நான் முடித்து வைத்தேன். "என்னென்ன செய்யணுமோ எல்லாம் செய்யுங்க டாக்டர். இவரும் அதைத்தான் சொல்ல வர்றார்."

அவள் இவரைப் பார்த்தாள். இவர் அதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, யோசிங்க. அடுத்த தடவை மறுபடி கேக்கறேன்," என்றாள். என்ன யோசிப்பது இதில்? ஜனவரியில் பிழைத்து வந்தாரா இல்லையா?

காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. எதற்கு? ஒரு கிழவனுக்காக. அதுவும் படத்தில் வருகிற கிழவன்.

விஞ்ஞானியின் மாமனார், அந்தச் சுரங்கத்தில் முன்னாள் காவல்காரர். பள்ளத்தின் ஓரத்தில் ஒரே கயிற்றில் குடும்பமே தொங்குகிறது. கயிறு தாங்காது. கிழவர் மகளைப் பார்த்து ஒரு குட்டிப் பிரசங்கம் செய்துவிட்டு, முதுகைத் திருப்பி, தன் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொண்டு போய்ச் சேர்கிறார். இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு கிழவர் ஸ்டாக் இருப்பார் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். பிரசங்கத்தை வெட்டினேன். "என்னை இழுங்க, விட்டுடாதீங்க" என்று வாய்க்குப் பொருந்துகிற மாதிரி எழுதினேன். முதுகு திரும்புகிற இடத்தில், "ஐயோ, முடிச்சு நழுவுதே!" கை முடிச்சில் என்ன செய்கிறது என்று திரையில் தெளிவாகத் தெரியவில்லை, நழுவினது மாதிரியே ஆகிவிட்டது. கிழவர் இப்போது வேண்டுமென்று போகவில்லை. விபத்து.

நல்ல வேலை என்று எனக்கே பெருமை. இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவன் நழுவி விழல," என்றார்.

"தெரியும். நான்தான் மாத்தினேன்."

"ஏன் மாத்தின?"

"எந்த மனுஷன் பெத்த பொண்ணு கண்ணு முன்னாடி அப்படி விட்டுட்டுப் போவான்? நம்பற மாதிரியா இருக்கு?"

"கயிறு தாங்காதுடி. அவனுக்குத் தெரியும். அவனா… விடறான். அந்த ஆளு செஞ்சதை… அவனுக்கே விடு."

"படத்துல ஒரு லிஃப்ட் விழுது, பாலம் மடியுது, நாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பிக்குது. அதெல்லாம் சரி, நான் ஒரு வரி மாத்தினது தப்பா?"

இருமல் வந்துவிட்டது. உதடு நீலம் பூத்தது. மெஷினைக் கூட்டி வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடங்கினதும், இனி வாயைத் திறக்கக் கூடாது என்றேன். இவர் கேட்கிற ஆளா?

"இந்தப் படம் ஏன் புடிச்சிருக்கு தெரியுமா? ஊரே சேர்ந்து போவுது. ஒருத்தன் கையை… ஒருத்தன் புடிச்சிக்கிறான். கத்தறான். எவனும் தனியா இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு மட்டும்தான் தனியா… நடக்குது," என்றார்.

நான் என்ன செத்தா போய்விட்டேன்? பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண் தெரியவில்லையா?

மார்ச் 17, திங்கள்

பேச்சு வார்த்தை இல்லை. மாத்திரையை மேஜையில வெச்சேன், எடுத்துக்கிட்டார். போகட்டும்.

மார்ச் 22, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் கூப்பிட்டார்.

"படத்துல வெக்கிறது பத்தாதுன்னு… என் முதுகுலயும் வசனம் வெச்சுட்ட."

"நானா? எப்போ?"

"டாக்டர் கிட்ட."

மடித்த துணியை மறுபடி மடித்தேன். பிறகு உட்கார்ந்தேன். "சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, மூச்சுதான் போய் வந்தது. என் நாக்கு நுனியில் அவருக்கான வார்த்தை ஒவ்வொன்றாக வந்து நின்றது. "பயமா இருக்கு" என்று சொல்லப் போகிறார். இல்லை, "உனக்குக் கஷ்டம்" என்று சொல்லப் போகிறார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

"வென்டிலேட்டர் வேண்டாம். மறுபடி… வேண்டாம். கையக் கட்டிப் போட்டிருந்தாங்க. பிடுங்கிடுவேன்னு. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ன. கூப்பிடறேன்… சத்தம் வரல. நீ அங்க நர்ஸ் கிட்ட பேசிட்டிருந்த. அப்படிப் போக மாட்டேன். இங்க… இருக்கேன். நீ கூட இரு."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

எப்படி சரின்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கறதைப் பாத்துக்கிட்டு, போனைக் கையில வெச்சுக்கிட்டு, கூப்பிடாம நிக்கணுமாமே? அதைச் செய்யறதுக்கா என்னைக் கட்டிக்கிட்டார்? இவருக்கு என்ன, சொல்லிட்டார். இருக்கப்போறது நான்தானே. ஒரு மாசம் கூட இருந்தா ஆகாதா? பத்து நாள்? அந்தக் கண்ணாடிக்கு வெளியில எத்தனை நாள்னாலும் நிப்பேனே நான்.

மார்ச் 24, திங்கள்

மகளுக்குப் போன் செய்தேன். வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். "அப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சுடி. ஏதேதோ உளர்றார். நீ வந்து தைரியம் சொன்னா சரியாயிடும்," என்றேன்.

"என்ன உளர்றார்?"

நான் சொன்னேன். கொஞ்சம் வளைத்துத்தான் சொன்னேன்.

"அம்மா, அப்பா சொன்னதைச் சொல்லு. நீ எழுதினதைச் சொல்லாத."

சுருக்கென்றது. போனை இவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவள் காத்திருந்திருக்கிறாள். நான் பெற்ற பெண்ணுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கும். என் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

மார்ச் 29, சனி

மகள் வந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்ததும், "என்னப்பா, ஊரெல்லாம் குழியில போகுதாமே? எனக்குக் காட்ட மாட்டீங்களா?" என்றாள்.

கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று பேரும் பார்த்தோம். இவர் நடுவில். முதல் பாதிப் பேச்சையெல்லாம் தள்ளி ஓட்டச் சொன்னார். "இதெல்லாம் உங்கம்மா டிபார்ட்மென்ட். நேரா பள்ளத்துக்குப் போ." பள்ளம் வந்தது. மகளுக்கு முன்கூட்டியே சொல்லிச் சொல்லிக் காட்டினார். "பாரு, இப்ப மணிக்கூண்டு. பாரு, நாய் தப்பிக்கும் பாரு." நாய் தப்பித்தது. மகள் கைதட்டினாள். பாலம் நடுவில் மடிந்தபோது இரண்டு பேரும் ஒரே குரலில் "ஓ…" என்றார்கள். இவருக்கு "ஓ" பாதியில் நின்றுவிட்டது, மீதியை அவள் இழுத்தாள்.

நான் எப்போதும் வாய்களைத்தான் பார்ப்பேன். எவன் உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று. இன்றைக்குத்தான் ஊரைப் பார்த்தேன். ஒரு தெரு முழுக்க ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டே கீழே போகிறது. எவனோ கஷ்டப்பட்டு யோசித்திருக்கிறான். வசனம் மகா மட்டம், தலையும் இல்லை வாலும் இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கிழவர் வந்தார். பிரசங்கம் செய்தார். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் முதுகைத் திருப்பினார். கை அசைந்தது. போனார்.

"பாத்தியா?" என்றார் இவர். என்னையா, மகளையா, தெரியவில்லை.

"பாத்தேன்," என்றேன் நான்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் மறுபடி கேட்டாள். நான் இவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன், என் முகம் இவருக்குத் தெரியக் கூடாது என்று. இவர் சொன்னார். மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றாள்.

சம்மதமா? இது என்ன கேள்வி? "எனக்குச் சம்மதம் இல்லை. ஆனா அவர் சொன்னது அதுதான்," என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள்: தவிப்பைத் தணிக்கிற மருந்து, எவ்வளவு, எப்போது, எந்த நர்ஸைக் கூப்பிட வேண்டும். மகள் கேட்டுக்கொண்டாள். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை.

வரும் வழியில் காரில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். நிம்மதியான தூக்கம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

டப்பிங் தியேட்டர். மகள் வீட்டில் இருப்பதால் போக முடிந்தது. கிழவருக்குக் குரல் கொடுக்க வந்தவர் பெரிய அனுபவசாலி, இடி மாதிரிக் குரல். நான் நேற்று மாற்றிக் கொடுத்த தாளைப் பார்த்து, "என்னம்மா, முன்னாடி அனுப்பினதுல இழுங்க, விடாதீங்கன்னு நல்லா உயிரைக் கொடுத்துக் கத்தற மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"அது தப்பு. மூலத்துல இருக்கறதுதான் இது."

"மூலம் மொக்கையா இருக்கே!"

"மொக்கைதான். அப்படியே சொல்லுங்க."

அவர் பேசினார். "கயிறு தாங்காதும்மா. நீங்க போங்க. எனக்குப் பயமில்லை." இவ்வளவு பழைய வசனத்தை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சவுண்ட் இன்ஜினியர் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிரச்சினை முதுகில் வந்தது. டைரக்டர் தம்பி விடவில்லை. "அக்கா, முதுகைத் திருப்பிக்கிறார், அவ்வளவு பெரிய இடம் சும்மா கெடக்கு. ஒரு வரி வையுங்க. உங்களுக்கா வராது?"

"வேண்டாம் தம்பி."

"ஜனங்களுக்குப் புரியணும்ல அக்கா?"

"அவர் என்ன நினைச்சார்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் நான் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. "என்னக்கா ஆச்சு உங்களுக்கு?" என்றான். தலைவலி என்றேன். முதுகு அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவருடைய தம்பி போன். டியூபைச் சரிசெய்துகொண்டு, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார் இவர். போனை அவர் காதில் வைத்தேன், நான் வாங்கிக்கொள்ளவில்லை. "ம்" என்றார். "ம். நீ?" என்றார். பிறகு மூச்சு மட்டும். அந்தப் பக்கம் தம்பி பேசிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தமிழ் பேசும் பிரதியை டைரக்டர் தம்பி சரிபார்க்க அனுப்பியிருந்தான். இவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதி நேரம் கண் மூடியே இருந்தது. மணிக்கூண்டு சரிகிற சத்தத்துக்குத் திறந்தார்.

"எப்படி இருக்கு என் தமிழ்?"

"மோசம்." மூச்சு. "நல்லா… மோசமா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். இவர் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

ஏப்ரல் 26, சனி

இன்று பிற்பகல் போய்விட்டார். வீட்டில்தான்.

மே 2, வெள்ளி

எல்லோரும் வந்து போய்விட்டார்கள். மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இவ்வளவு அமைதி இருக்கும் என்று தெரியாது. இரண்டு தடவை தூக்கிவாரிப் போட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

இவர் போன அன்றைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகுதான் மூச்சுத் திணறல் ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தோம். நர்ஸுக்குப் போன் போட்டோம், வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். மகள் கையில் போன். அவ்வளவு தைரியமாக இருந்தவள் அப்போது உடைந்துவிட்டாள். "அம்மா, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடவா? அம்மா!" என்கிறாள். நான் சரின்னு சொன்னா கூப்பிட்டிருப்பா. சொல்லத்தான் வாய் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. இவர் என்னைப் பாத்தார். ஒண்ணும் கேக்கல, கெஞ்சல, சும்மா பாத்தார்.

"வேண்டாம்," என்றேன். என் வாயால் நான்தான் சொன்னேன்.

மகள் போனை வைத்துவிட்டு வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மருந்து வேலை செய்தது, தவிப்பு குறைந்தது. உதடு ஒரு தடவை அசைந்தது. சத்தம் இல்லை. என்ன சொன்னார் என்று மகள் கேட்டாள். தெரியலடி என்றேன். உண்மையிலேயே தெரியாது. நர்ஸ் வந்தபோது முடிந்திருந்தது.

கூப்பிட்டிருக்கலாமோ? கூப்பிட்டிருந்தால் இப்போது அந்தக் கண்ணாடிக்கு வெளியிலாவது நின்றுகொண்டிருப்பேனோ? ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் இதுதான் முதலில் வருகிறது. செய்தது சரி என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், ஆள் இல்லையே.

மே 18, ஞாயிறு

தம்பி வந்து நாலு நாள் ஆகிறது. டிக்கெட் கிடைத்து, லீவு கிடைத்து அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்ததிலிருந்து வீட்டில் எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஜன்னல் கொக்கி, குளியலறைக் கதவு. சும்மா உட்கார்ந்தால் அழுகை வருகிறது போல. இன்று காலையில் மகளிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். போன வாரம்தான் தியேட்டருக்கு வந்திருக்கிறது.

"அண்ணன் கடைசியா ரசிச்ச படமாமே அண்ணி. போகலாமா?"

எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை. மகள் வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்றாள்.

மத்தியானக் காட்சி. கூட்டம் நல்ல கூட்டம். விஞ்ஞானி "நமக்கு நேரமே இல்லை" என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒருவன், "அப்ப சீக்கிரம் சொல்லித் தொலைடா!" என்றான். தியேட்டரே சிரித்தது. தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன், எழுதினவள் நான்தான் என்றாலும்.

இடைவேளையில் வெளியே காபி வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றோம். அவர் குடிக்கவில்லை. கோப்பையை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி… கடைசியில அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் வாசலில் காலை வைத்த அன்றே எனக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது. "தம்பி வந்தா நல்லா பாத்துக்கோன்னு சொன்னார்." சின்ன வரி. அண்ணன் வாயில் கச்சிதமாகப் பொருந்தும். கேட்டால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்வார். பொய் என்று யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

"இல்லை தம்பி. ஒண்ணும் சொல்லல," என்றேன். "பேசற நிலைமையில இல்லை."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கோப்பையை வாங்கிச் சுவர்மேல் வைத்தேன்.

"ஆனா நான் பாத்ததைச் சொல்றேன். ஞாயித்துக்கெழமை உங்க போன் வர்ற நேரம் ஆனா, டியூபைச் சரி பண்ணிப்பார். கஷ்டப்பட்டு நிமிந்து உக்காருவார். வேற யாருக்கும் அப்படி உக்காந்ததில்லை. டாக்டருக்குக்கூட."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். மணி அடித்து எல்லோரும் உள்ளே போய், கதவைச் சாத்தப் போகிற ஆள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

இரண்டாம் பாதி முழுக்கப் பள்ளம்தான். அந்தப் பெரிய திரையில், அந்தச் சத்தத்தில், ஊர் கீழே இறங்கியபோது நாற்காலி அதிர்ந்தது. தியேட்டரில் அத்தனை பேரும் கத்தினார்கள். எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் தம்பி பிடித்துக்கொண்டார். நானும் கத்தினேன். நெஞ்சு விட்டுக் கத்தினேன். அந்தக் கத்தலில் அழுகை எது, சந்தோஷம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நல்ல படம். கதை ஒன்றுமில்லை, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. இதை ஒத்துக்கொள்கிறேன் என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.